ஐரோப்பால உங்க தெருவையும் நீங்க ஓட்டுற ரோட்டையும் பாதுகாப்பா மாத்துறது எப்படி

ஐரோப்பிய யூனியன்ல இப்ப இருக்குற 27 நாட்டையும் சேர்த்து 2001-ல ரோடு விபத்துல செத்தவங்க 51,000 பேருக்கு மேல. 2024-ல அது கிட்டத்தட்ட 20,000. பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு, சந்தோஷம்தான், ஆனா இன்னும் தினம் 50 பேருக்கு மேல காலையில கிளம்பிப் போனவங்க வீடு திரும்பலன்னு அர்த்தம். அதுலயும் நாட்டுக்கு நாடு இருக்குற வித்தியாசம் மனசைப் போட்டு அழுத்துது, ஸ்வீடன்ல பத்து லட்சம் ஜனத்துக்கு வருஷத்துக்கு சுமார் 20 பேர்னா ருமேனியால 80 பேரை நெருங்குது, ஒரே யூனியன், ஒரே கம்பெனி கார்கள், ஒரே மாதிரி மனுஷங்கதான் ரெண்டு பக்கமும்.

ஸ்வீடன் பார்லிமெண்ட் 1997-ல விஷன் ஜீரோன்னு ஒரு கொள்கையை நிறைவேத்துச்சு. அதோட சாரம் இவ்ளோதான்: மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான், ஒரு நொடி அசந்ததுக்கு உயிர் போற மாதிரி ரோடு இருந்தா ரோட்டைப் போட்டவங்களுக்கும் அதுல பொறுப்பு இருக்கு. நான் கீழ சொல்லப்போற எல்லாமே இதுல இருந்து வர்றதுதான். "எல்லாரும் பாத்து ஓட்டுங்கப்பா"ன்னு போஸ்டர் ஒட்டுறதை விட, பாக்காம ஓட்டினாலும் ஆள் சாகாத மாதிரி ரோட்டை அமைக்கறதுதான் வேலை செய்யுது. அதை நீங்க இருக்குற ஊர்ல எப்படிக் கேட்டு வாங்குறது, உங்க பங்குக்கு என்ன செய்றதுன்னு பாப்போம்.

முதல்ல வேகத்தைப் புரிஞ்சுக்கோங்க

30-க்கும் 50-க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 30 கி.மீ. வேகத்துல வர்ற வண்டி ஒரு நொடிக்கு 8.3 மீட்டர் போகும். டிரைவர் ஒரு குழந்தையைப் பாத்து காலை பிரேக்ல வைக்க சுமாரா ஒரு நொடி ஆகும், அதுக்கப்புறம் காஞ்ச ரோட்டுல இன்னொரு 5 மீட்டர்ல வண்டி நின்னுடும், மொத்தம் 13 மீட்டர் சொச்சம். இப்ப அதே இடத்துல 50-ல வர்றவரை வச்சுப் பாருங்க, அவர் அந்த ஒரு நொடியிலேயே 13.9 மீட்டர் தாண்டிடுவார். அதாவது முதல் வண்டி முழுசா நின்னுபோன இடத்தை இவர் இன்னும் பிரேக்ல காலே வைக்காம 50-லயே தாண்டிப் போறார். குழந்தை 14 மீட்டர் தூரத்துல இருந்தா 30-ல வந்தவருக்கு படபடப்போட போயிடும், 50-ல வந்தவருக்கு... அதை எழுத வேணாம்.

இதனாலதான் நகரம் நகரமா 30-க்கு இறங்குது. பிரசெல்ஸ் 2021 ஜனவரில இருந்து, ஸ்பெயின் 2021 மே மாசத்துல இருந்து ஊருக்குள்ள ஒரு பக்கத்துக்கு ஒரே லேன் இருக்குற ரோடு எல்லாத்துலயும், பாரிஸ் அதே வருஷம் ஆகஸ்ட் கடைசில, வேல்ஸ் 2023 செப்டம்பர்ல மணிக்கு 20 மைல்னு (சுமார் 32 கி.மீ.). ஹெல்சிங்கில 1980-களோட கடைசில வருஷத்துக்கு 30 பேர் மாதிரி செத்துட்டு இருந்தாங்க, படிப்படியா வேகத்தைக் குறைச்சு இப்ப பாதிக்கு மேல தெருக்கள்ல 30-தான், 2024 ஜூலைல இருந்து ஒரு முழு வருஷம் அந்த ஊர்ல ரோடு விபத்துல ஒருத்தர்கூட சாகல. ஒரு தலைநகரத்துல! இதைப் படிச்சப்போ எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துடுச்சு.

உங்க தெருவுல என்ன செய்யலாம்

புகார் எழுதுறதுக்கு முன்னாடி தெருவைப் பாருங்க. பள்ளிக்கூடம் தொடங்குற நேரத்துல ஒரு அரை மணி நேரம், மழை பேஞ்சு இருட்டின சாயங்காலம் ஒரு அரை மணி நேரம். ஜனங்க நிஜமாவே எங்க கிராஸ் பண்றாங்கன்னு பாருங்க, ஜீப்ரா கோடு ஒரு இடத்துல இருக்கும், பஸ் ஸ்டாப்ல இறங்குறவங்க வேற இடத்துல கிராஸ் பண்ணுவாங்க. குனிஞ்சு ஏழு வயசுப் புள்ளையோட கண்ணு மட்டத்துல இருந்து பாருங்க, உங்களுக்கு நல்லா தெரியுற காரு, நிறுத்தி வச்ச வேனுக்குப் பின்னாடி அதுக்குத் தெரியவே தெரியாது. யாராவது சடார்னு பிரேக் போட்டாங்களா, சைக்கிள்காரர் விலகி பிளாட்பாரத்துல ஏறினாரான்னு நேரத்தோட குறிச்சுக்கோங்க, ஏன்னா போலீஸ் கணக்குல அடிபட்டது மட்டும்தான் வரும், மயிரிழையில தப்பிச்சது எதுலயும் வராது, அதை எழுதி வைக்க உங்களை விட்டா ஆள் இல்ல.

அடுத்து அந்த ரோடு யாருதுன்னு கண்டுபிடிங்க, இதுல தடுமாறினா மாசக்கணக்குல கடிதம் அங்கயும் இங்கயும் சுத்தும். பிரான்ஸ்ல ஊர் நடுவுல போற ரோடுகூட மாவட்ட நிர்வாகத்தோட ரோடா இருக்கலாம், ஜெர்மனில ஊருக்குள்ள போறது மத்திய அரசு ரோடா இருந்தா நகராட்சி மட்டும் நினைச்சு வேகத்தைக் குறைச்சிட முடியாது. அங்க இதுக்காகவே 2021-ல ஏழு நகரங்கள் சேர்ந்து குரல் கொடுக்க ஆரம்பிச்சு, பின்னால ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்துடுச்சு, 2024-ல சட்டத்தையும் விதியையும் திருத்தினாங்க, இப்ப விளையாட்டு மைதானம், பிள்ளைங்க அதிகம் போற பள்ளிக்கூட வழி, ஜீப்ரா கிராசிங் பக்கத்துல 30 வைக்கறது முன்னைவிட சுலபம். அதனால பழைய காலத்துல "முடியாது"ன்னு பதில் வாங்கினவங்க மறுபடியும் கேளுங்க.

கேக்கும்போது முதல்ல கேக்க வேண்டியது வேக அளவீடு. சராசரி வேகத்தை மட்டும் காட்டி "எல்லாம் சரியா இருக்கு"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, நூறு வண்டியில 85 வண்டி எந்த வேகத்துக்குள்ள போகுதுங்கற கணக்கைக் கேளுங்க, இன்ஜினியர்ங்க அதைத்தான் பாப்பாங்க. ராத்திரி தனியா, பள்ளி நேரம் தனியா கேட்டா இன்னும் நல்லது.

கடிதம் இப்படி இருந்தா குப்பைக்குப் போகும்: "எங்க தெருவுல எல்லாரும் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுறாங்க, உடனே நடவடிக்கை எடுக்கவும்." இப்படி இருந்தா யாராவது ஒருத்தர் எந்திரிச்சு வந்து பாப்பாங்க: "பஸ் ஸ்டாப்ல இறங்குற பிள்ளைங்க பள்ளிக்கூட வாசலுக்கு நேரா கிராஸ் பண்றாங்க, ஜீப்ரா கோடு 60 மீட்டர் தள்ளி இருக்கு. கோட்டுக்கு முன்னாடி நிக்கிற வண்டிகள் பிள்ளைங்களை மறைக்குது. காலை 7.45-ல இருந்து 8.15-க்குள்ள சடன் பிரேக் போட்ட நாலு சம்பவத்தை இத்தோட வச்சிருக்கோம். கோட்டை வாசலுக்கு மாத்தணும், முன்னாடி இருக்குற பார்க்கிங்கை எடுக்கணும்." கீழ பத்து வீட்டுக்காரங்க கையெழுத்து, பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு வரி. அவ்ளோ போதும்.

அந்த பார்க்கிங் விஷயத்துல ஒரு தகவல் கையில வச்சுக்கோங்க. பிரான்ஸ்ல 2019-ல போட்ட சட்டப்படி, வண்டி வர்ற பக்கத்துல ஜீப்ரா கோட்டுக்கு முன்னாடி 5 மீட்டருக்குள்ள கார் பார்க்கிங் இருக்கக்கூடாது, இருக்குறதை எல்லாம் 2026 முடியறதுக்குள்ள எடுத்தாகணும், அந்த இடத்துல சைக்கிள் ஸ்டாண்ட் வைக்கலாம். ஏன்னா சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேல குழந்தை தலை தெரியும், வேனுக்கு மேல தெரியாது. செலவு ரொம்பக் கம்மி, பலன் ரொம்ப அதிகம், ஆனா பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. நீங்க வேற நாட்டுல இருந்தாலும் இதைக் காட்டிக் கேளுங்க.

போர்டு வச்சா மட்டும் போதாது

30-னு வட்டப் போர்டு வச்சுட்டு ரோடு மட்டும் விமான ஓடுபாதை கணக்கா நீளமா அகலமா இருந்தா யாரும் 30-ல போக மாட்டாங்க, போர்டைப் பாத்து ஓட்டுறவங்களைவிட ரோட்டைப் பாத்து ஓட்டுறவங்கதான் அதிகம். இதை நெதர்லாந்துக்காரங்ககிட்ட கத்துக்கணும். 1971-ல அந்தச் சின்ன நாட்டுல 3,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 400 பேருக்கு மேல குழந்தைங்க. பெத்தவங்க தெருவுல இறங்கிப் போராடினாங்க, "குழந்தைக் கொலையை நிறுத்து"ன்னுதான் அந்த இயக்கத்துக்குப் பேரே. இன்னிக்கு நாம ஆசைப்பட்டுப் பாக்குற டச்சு சைக்கிள் பாதையெல்லாம் தானா வந்தது இல்ல, அப்படிக் கேட்டு வாங்கினது.

அங்க ஒரு சின்ன விஷயத்தைக் கவனிங்க. பெரிய ரோட்டுல இருந்து குடியிருப்புத் தெருவுக்குள்ள கார் திரும்புற இடத்துல, பல ஊர்ல பிளாட்பாரம் அறுந்து போகாது. அதே உயரத்துல, அதே கல்லு பதிச்சு, தெருவோட வாயைக் குறுக்கே கடந்து நேரா போகும், சைக்கிள் பாதையும் சிவப்பு நிறம் மாறாம அப்படியே போகும். நடக்குறவங்க இறங்கி ஏற வேணாம், கார்தான் சரிவுல ஏறி, பிளாட்பாரத்தைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கணும். அப்படி ஏறும்போது யாரும் வேகமா ஏற முடியாது, தான் வேற ஒருத்தர் இடத்துல நுழையறோம்னு டிரைவருக்கு உடம்புக்கே தெரியும், வழி விடணும்னு தனியா போர்டே வேணாம். உங்க ஊர்ல ரோடு தோண்டி பைப் மாத்தப் போறாங்கன்னு தெரிஞ்சா உடனே இதைக் கேளுங்க, எப்படியும் தோண்டி மூடப் போறாங்க, அப்ப செஞ்சா கூடுதல் செலவு கொஞ்சம்தான். இந்த நேரத்தை விட்டா அடுத்து இருபது முப்பது வருஷத்துக்கு யாரும் தொட மாட்டாங்க.

பணம் இல்லன்னு சொன்னா, பெயிண்ட், பூத்தொட்டி, பிளாஸ்டிக் கம்பம் வச்சு ஆறு மாசம் சோதனையா செஞ்சு பாக்கச் சொல்லுங்க. ஜங்ஷனோட முனையைக் குறுக்கினாலே வண்டி மெதுவா திரும்பும், கிராஸ் பண்ற தூரமும் குறையும். பஸ் போற ரோடுன்னா முழு அகல ஸ்பீட் பிரேக்கர் வேணாம், நடுவுல மட்டும் மேடு இருக்குற குஷன் டைப் கேளுங்க, பஸ்ஸும் ஆம்புலன்ஸும் ரெண்டு பக்கமும் சக்கரத்தை இறக்கிட்டுப் போயிடும், கார் மட்டும் ஏறி இறங்கும். பள்ளிக்கூட வாசல்ல காலையும் மதியமும் அரை மணி நேரம் காரையே விடாம மூடுற முறையும் இருக்கு, இத்தாலியோட போல்சானோல ரொம்ப வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சது, இப்ப பெல்ஜியத்தோட கென்ட், வியன்னா, லண்டன்னு பரவியிருக்கு, இதுக்கு ரெண்டு தடுப்பும் நிக்க நாலு பெத்தவங்களும் போதும். சிக்னல் ஜங்ஷன்ல தொடர்ந்து அடிபடுதுன்னா ரவுண்டானா கேளுங்க, நாலு ரோடு சேர்ற சாதாரண ஜங்ஷன்ல வண்டிங்க மோதிக்கக்கூடிய புள்ளி 32, ஒரே லேன் ரவுண்டானால 8, அதுவும் மெதுவா, பக்கவாட்டுல.

எதிர்ப்பு வரும், கண்டிப்பா வரும். வேல்ஸ்ல 20 மைலுக்கு எதிரா நாலரை லட்சம் கையெழுத்துக்கு மேல போட்டாங்க. ஆனா முதல் வருஷத்துலயே 20, 30 மைல் ரோடுகள்ல அடிபட்டவங்க நாலுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சாங்க. கடைக்காரங்க, டாக்ஸிக்காரங்களைப் பகைச்சுக்காம முன்கூட்டியே போய்ப் பேசுங்க, முக்கியமா தீயணைப்புத்துறையையும் பஸ் கம்பெனியையும் உங்க பக்கம் வச்சுக்கோங்க, அவங்க "எங்களுக்குப் பரவால்ல"ன்னு சொல்லிட்டா பாதிச் சண்டை முடிஞ்சுது. மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வேகத்தை அளந்து வெளியிடணும்னு எழுத்துல வாங்கிடுங்க.

ஊருக்கு வெளிய இருக்குற ரெண்டு வழி ரோடு

எல்லாரும் மோட்டார்வேயைப் பாத்துப் பயப்படுவாங்க, ஆனா ஐரோப்பிய யூனியன்ல சாவுல பத்துல ஒண்ணுகூட அங்க இல்ல, பாதிக்கு மேல கிராமப்புற ரோடுலதான். எதிரும் புதிருமா 90-ல வருவாங்க, நடுவுல ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் இருக்கும்.

இதுக்கு ஸ்வீடன் கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. 13 மீட்டர் அகலத்துல ரெண்டு லேனும் ரெண்டு ஓரமும் இருந்த ரோடை அகலப்படுத்தாம, மூணு லேனாப் பிரிச்சாங்க, ரெண்டு லேன் இந்தப் பக்கம், ஒரு லேன் அந்தப் பக்கம், சில கிலோமீட்டர் கழிச்சு மாறும், ரெண்டு பக்கத்துக்கும் முறை வச்சு ஓவர்டேக் பண்ண இடம் கிடைக்கும். நடுவுல எஃகு கம்பிவடத் தடுப்பு. தூங்கி வழிஞ்சவர் கம்பியில உரசிக் கார் நசுங்கும், எதிர்ல வர்ற குடும்பம் பத்திரமா போகும். 1998-ல E4 நெடுஞ்சாலையில யேவ்லே (Gävle) ஊருக்கு வடக்கே முதல்ல போட்டாங்க, இப்படி மாத்தின ரோடுகள்ல சாவு முக்கால்வாசிக்கு மேல குறைஞ்சுது. பைக்காரங்க கம்பி வெட்டிடும்னு பயந்தாங்க, நியாயமான பயம்தான், ஆனா அந்த ரோடுகள்ல பைக்காரங்க சாவும் குறைஞ்சுதுன்னுதான் ஆய்வுல வந்துச்சு.

உங்க ஊர்ப்பக்கம் இப்படி ரோடு இருந்தா கேக்க வேண்டியது: நடுவுல தடுப்பு, இல்லன்னா நடுக்கோட்டுல சக்கரம் ஏறினா கடகடன்னு சத்தம் போடுற பள்ளக்கோடு, வளைவுல இருக்குற மரத்துக்கு முன்னாடி தடுப்பு, அந்தத் தடுப்புக்குக் கீழயும் ஒரு தகடு (பைக்ல இருந்து விழுந்தவர் சறுக்கிப் போய்க் கம்பத்துல மோதாம இருக்க). எதுவும் முடியலன்னா வேகத்தையாவது குறைக்கணும். பிரான்ஸ் 2018 ஜூலைல தடுப்பு இல்லாத ரெண்டு வழி ரோடை 90-ல இருந்து 80-க்குக் கொண்டு வந்துச்சு, எதிர்ப்பு தாங்காம அப்புறம் சில மாவட்டங்கள்ல திருப்பி 90 ஆக்கினாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

கேமராவும் பாயிண்டும்

கேமரான்னாலே காசு பிடுங்குறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. பிரான்ஸ்ல 2002-ல 7,500 பேருக்கு மேல செத்தாங்க, 2003 கடைசில தானியங்கி கேமரா வர ஆரம்பிச்சுது, 2010-ல 4,000-க்கு கீழ வந்துச்சு. ஸ்பெயின்ல 2006 ஜூலைல பாயிண்ட் லைசென்ஸ் (தப்பு பண்ணப் பண்ண பாயிண்ட் குறையும், எல்லாம் தீர்ந்தா லைசென்ஸ் போயிடும்), அடுத்த வருஷமே படுவேகமா ஓட்டுறதைக் கிரிமினல் குற்றமா ஆக்கினாங்க, 4,100 இருந்தது 2013-ல 1,700-க்கு கீழ. போலந்துல 2021 ஜூன்ல ஜீப்ராவுக்குள்ள கால் வைக்கப் போறவருக்கே முன்னுரிமைன்னு சட்டம், 2022 ஜனவரில அபராதத்தைப் பல மடங்கு ஏத்தினாங்க, 2019-ல 2,900 பேர், 2023-ல 1,900-க்கு கீழ. கேமரா மட்டுமே இத்தனையும் செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன், நல்ல கார்களும் வந்துச்சு, ஆனா மாட்டிக்குவோம்னு தெரிஞ்சா மனுஷன் மாறுறான்.

உங்க ஊர்ல கேமரா கேக்கும்போது ஒரே ஒரு இடத்துல வைக்கற பெட்டியை விட, ரெண்டு இடத்துல நம்பர் பிளேட்டைப் படிச்சு சராசரி வேகம் பாக்குற முறையைக் கேளுங்க, இத்தாலி மோட்டார்வேல 2005-ல இருந்து இருக்கு. பெட்டிக்கு முன்னாடி பிரேக் அடிச்சு அப்புறம் பறக்குறது அதுல நடக்காது.

உங்க கார்ல நீங்க செய்ய வேண்டியது

பழைய கார் வாங்கினா யூரோ என்கேப் (காரை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கிற ஐரோப்பிய அமைப்பு) குடுத்த ஸ்டாரைப் பாருங்க, ஆனா எந்த வருஷத்து ஸ்டார்னு சேர்த்துப் பாருங்க, 2009-ல வாங்கின அஞ்சு ஸ்டாரும் இப்ப வாங்குற அஞ்சு ஸ்டாரும் ஒண்ணு இல்ல. 2024 ஜூலைல இருந்து யூனியன்ல விக்கிற புது கார் எல்லாத்துலயும் வேக எச்சரிக்கையும் தானா பிரேக் போடுற வசதியும் கட்டாயம். அந்த வேக எச்சரிக்கை சத்தம் தொல்லைன்னு ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணதும் ஆஃப் பண்றவங்க நிறைய, தயவுசெஞ்சு ஒரு மாசம் விட்டுப் பாருங்க, பழகிடும்.

குழந்தை சீட் விஷயத்துல ஐரோப்பா ரொம்பக் கண்டிப்பு. புது விதிப்படி குறைஞ்சது 15 மாசம் வரைக்கும் பின்பக்கம் பாத்துதான் உக்கார வைக்கணும், ஸ்வீடன்ல நாலு வயசு வரைக்கும் அப்படித்தான் வைக்கறாங்க, முடிஞ்சா நீங்களும் செய்யுங்க, அந்த வயசுல தலை கனம், கழுத்து தாங்காது. குளிர்காலத்துல தடிமனான ஜாக்கெட்டோட பெல்ட் மாட்டாதீங்க. பெல்ட் இறுக்கமா இருக்குற மாதிரி தெரியும், ஆனா மோதும்போது பஞ்சு அமுங்கி பெல்ட்டுக்கும் குழந்தைக்கும் நடுவுல இடைவெளி விழும். ஜாக்கெட்டைக் கழட்டி, பெல்ட்டை மாட்டி, ஜாக்கெட்டை மேல போர்த்திடுங்க.

கார்ல இருந்து இறங்கும்போது கதவுக்குத் தூரமா இருக்குற கையால திறங்க, இடது பக்கம் உக்காந்திருந்தா வலது கையால. உடம்பு தானா திரும்பி பின்னாடி சைக்கிள் வருதான்னு கண்ணு பாத்துடும். பிள்ளைங்க சைக்கிள்ல போறாங்கன்னா லாரிக்கு வலது பக்கத்துல (பிரிட்டன் மாதிரி ரோட்டுல இடது பக்கம் ஓட்டுற நாடுன்னா இடது பக்கத்துல) போய் நிக்கவே கூடாதுன்னு சொல்லிச் சொல்லிப் பழக்குங்க, சிக்னல்ல பின்னாடியே நிக்கட்டும். ஜெர்மனில 2020-ல இருந்து ஊருக்குள்ள பெரிய லாரி வலது பக்கம் திரும்பும்போது நடக்குற வேகத்துலதான் திரும்பணும்னு விதி, இருந்தாலும் டிரைவர் கண்ணுக்குப் படாத இடம் இருக்கத்தான் செய்யும்.

எல்லை தாண்டும்போது

நாடு மாறினா விதியும் மாறும். ஒரு லிட்டர் ரத்தத்துல 0.5 கிராம் ஆல்கஹால்ங்கறது பல நாட்டு எல்லை, ஆனா ஸ்வீடன், நார்வே, போலந்துல 0.2, செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியால பூஜ்யம். அதை எல்லாம் மனப்பாடம் பண்றதை விட, ஓட்டுறன்னிக்கு ஒரு சொட்டுகூட வேணாம்னு வச்சுக்கோங்க, முந்தின ராத்திரி அதிகமா குடிச்சது காலையிலயும் இருக்கும். குளிர்கால டயர் ஆஸ்திரியால நவம்பர் 1-ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் பனி இருந்தா கட்டாயம், ஸ்வீடன்ல டிசம்பர்ல இருந்து மார்ச் கடைசி வரைக்கும். ஒளிரும் மேல்சட்டையை டிக்கில போடாதீங்க, கை எட்டுற தூரத்துல வைங்க, வண்டி நின்னதும் போட்டுக்கிட்டுதான் இறங்கணும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா மோட்டார்வேல டிராஃபிக் மெதுவாகி நிக்கப் போகும்போதே ஆம்புலன்ஸுக்கு வழி விட்டாகணும். இடது கோடி லேன்ல இருக்குறவங்க இடது பக்கம் ஒதுங்கணும், மத்த எல்லா லேன்காரங்களும் வலது பக்கம். சைரன் கேட்டதுக்கு அப்புறம் ஒதுங்க இடம் இருக்காது. ஆள் அடிபட்டிருந்தா எந்த நாட்டுல இருந்தாலும் 112. 2018-க்கு அப்புறம் வந்த மாடல்னா கார் கூரையில எஸ்.ஓ.எஸ். பட்டன் இருக்கும், அதை அழுத்தினா நீங்க நிக்கிற இடம் அவங்களுக்குத் தானா போயிடும். பெரிய மோதல்னா யாரும் அழுத்தாமலே கார் தானா கூப்பிடும். அது எங்க இருக்குன்னு வீட்டுல கார் ஓட்டுற எல்லாருக்கும், பின்னாடி உக்காருற பிள்ளைங்களுக்கும் இன்னிக்கே காட்டி வைங்க.